கடைவாய்ப் பல்லும் களத்துப் பாறையும்

ஒரு வருஷம் எங்கள் ஊரில் எந்தத் தெரு முதலில் சாமை அடிக்க வேண்டும் என்பதை என் கடைவாய்ப் பல்தான் முடிவு செய்தது. அம்மன் முடிவு செய்ததாகக் கீழ்த்தெரு நினைத்தது. நானே முடிவு செய்ததாக என் நாத்தனார் நினைத்தார். பல்லை யாரும் சந்தேகப்படவில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு இரண்டே தெரு. மேல்தெரு, கீழ்த்தெரு. நான் பிறந்தது கீழ்த்தெரு, வாழ்க்கைப்பட்டது மேல்தெரு. இரண்டு தெருவுக்கும் சேர்த்துக் கதிர் அடிக்க ஒரே ஒரு பாறைதான் இருந்தது. ஊருக்கு மேலே, நல்ல வெயில் விழுகிற இடத்தில், தட்டையாகக் கிடக்கும். சாமைக் கதிரை அதில் பரப்பி மாடு கட்டி மிதிக்க விடுவோம். புரட்டாசி முடியும்போது அறுவடை, ஐப்பசி பிறந்தால் மழை. அதனால் முதலில் பாறை கிடைத்த தெருவுக்குக் காய்ந்த தானியம். அடுத்துக் கிடைத்த தெருவுக்கு மழை எப்படி மனசு வைக்கிறதோ அப்படி.

இதில் சண்டை வரக்கூடாது என்று பெரியவர்கள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து ஊரில் வந்த சண்டையில் பாதி அந்த ஏற்பாட்டால் வந்ததுதான். வாய் அகன்ற மண்பானை ஒன்றில் சுனைத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப மொண்டு, ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமல் பாறைவரை நடந்து வர வேண்டும். சிந்துகிற தண்ணீரில் முதலில் வலது தோள் நனைந்தால் மேல்தெரு, இடது தோள் நனைந்தால் கீழ்த்தெரு. சொல்வது அம்மன், சுமப்பது வெறும் தலை. பாறைக்கு வந்ததும் அவள் புருஷன் பானையை இறக்கி வைப்பான். அந்தப் பெண் ஒரு தெருவில் பிறந்து மறு தெருவில் வாழ்க்கைப்பட்டவளாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு தெருவும் அவளை நம்புமாம். இரண்டு தெருவும் சேர்ந்து அவளைச் சந்தேகப்படவும் அதே காரணம் போதும் என்று அந்தப் பெரியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தலை என் தலையாக இருந்தது. பத்தாவது வரை படித்துவிட்டு ஊர் பால்வாடியில் டீச்சராக இருந்தேன். ஆனாலும் சுமை தூக்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலையில் விறகுக் கட்டோடு, கையில் பூவும் நாருமாக, நடந்துகொண்டே பூக் கட்டுவேன். தலையில் சுமையை ஏற்றிவிட்டு "பாத்து, பாத்து" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் வருஷம் நான் பானை தூக்கியபோது வலது தோள் நனைந்தது. பாறை முதலில் மேல்தெருவுக்குக் கிடைத்தது. என் புருஷனுடைய அக்கா, அதாவது நாத்தனார், "எங்க வூட்டுப் பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். இருந்தாலும் பொழுது விடிந்தால் எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

அடுத்த மாசியில் அவரோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டையை வறுத்துப் பக்கத்தில் கொட்டி வைத்திருந்தோம். நல்ல புத்தி உள்ளவர்கள் அதை உடைத்து ஊறவைத்துத் தின்பார்கள். நாத்தனார் ஒன்றை எடுத்துக் கடைவாயில் போட்டு, வெடி வெடித்தாற்போல் கடித்துக் காட்டி, "டீச்சருக்கு இதெல்லாம் வருமா?" என்றார். நான் விடுவேனா? ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போட்டி போட்டோம். நான்தான் ஜெயித்தேன். கடைசிக் கொட்டையோடு சேர்த்து என் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லும் உடைந்தது.

நாலு நாள் கிராம்பை வைத்துச் சமாளித்துப் பார்த்துவிட்டு மலையடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரு மாடி அறையில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, குடைந்து, வெள்ளி மாதிரி எதையோ வைத்து அடைத்தார். "கடிச்சுப் பாருங்க. அடைச்ச எடம் உசரமாத் தெரியுதா?" என்று கேட்டார். உசரமா தாழ்வா என்பது இருக்கட்டும், என் பாதி முகம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை. கீழே மலை பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. "சரியா கீதுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். "மரப்பு போனப்புறம் உசரமாத் தெரிஞ்சா வாங்கம்மா, தேச்சு விடணும்" என்று அவர் சொன்னது மாடிப்படியில் காதில் விழுந்தது.

மரப்பு போனதும் தெரிந்தது. வாயை மூடினால் மற்றப் பற்களுக்கு முன்னால் அந்த ஒன்று மட்டும் போய் மேல்பல்லை இடித்தது. சோற்றில் கல் கடித்த மாதிரி, ஆனால் துப்ப முடியாத கல். ஒரு பல்லைத் தேய்க்க மறுபடியும் யார் அவ்வளவு தூரம் இறங்குவார்கள்? இடது பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டேன். தாடை தானாகவே கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டது. பத்துப் பதினைந்து நாளில் கல் இருப்பதே மறந்துபோனது. வாய் மறந்துவிட்டதே தவிர கழுத்து மறக்கவில்லை. அது தாடை போன பக்கமே மெள்ள மெள்ளப் போயிருக்கிறது. என் தலை என் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்த விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

வைகாசியில் விறகுக் கட்டு ஒரு பக்கமாக இழுத்தது. கட்டியது சரியில்லை என்று கட்டை அவிழ்த்து இரண்டு முறை கட்டினேன். ஆடியில் தண்ணீர்க் குடத்தைக் கை பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. நடந்துகொண்டே பூக் கட்டுவது போயே போய்விட்டது. "இன்னாமே, கழுத்து இன்னா அப்பிடி கீது?" என்று நாத்தனார் கேட்டார். "எப்பிடி கீது? நல்லாத்தான் கீது" என்று எரிந்து விழுந்தேன். அவர் அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை, கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புரட்டாசியில் பானையைத் தூக்கி நாலடி வைப்பதற்குள் இடது தோள் சில்லென்று நனைந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, ரவிக்கையே ஊறிப்போனது. கீழ்த்தெருக்காரர்கள் குலவை போட்டுக்கொண்டு கதிர்க்கட்டுகளைப் பாறைக்கு ஏற்றினார்கள். அவர்கள் மாட்டை அவிழ்த்த அன்று மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து பத்து நாள் கழித்து வெயில் தலை காட்டியபோது, மேல்தெருக் கதிர்ப்போர் எல்லாம் பச்சையாக முளை விட்டிருந்தன. எங்கள் போரும்தான். என் புருஷன் முளைத்த கதிரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாட்டுக்குப் போட்டார்.

பேசியவர் நாத்தனார். ஊர் கூடிய இடத்தில் எழுந்து நின்று, "பொறந்த தெருவுக்கோசரம் செஞ்சிட்டா. ஆறு மாசமா பாத்துக்கினுதான் கீறேன். வெறகு தூக்கும்போதும் சாய்க்கிறா, தண்ணி தூக்கும்போதும் சாய்க்கிறா. ஒத்திகை பாத்திருக்கா!" என்றார். என்னைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஆறு மாசம் விடாமல் ஒரே காரியத்தில் பாடுபட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. சிரிப்புதான் வந்தது. சிரித்தது தப்பாகப் போய்விட்டது. "பாருங்க, சிரிக்கிறா" என்றார் நாத்தனார்.

ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். "அடுத்த வருசமும் இந்தப் பொண்ணே தூக்கட்டும். திரும்பவும் இடது தோளு நனைஞ்சா, இது அம்மன ஏமாத்துனதுதான். அப்புறம் இது பானையத் தொடக்கூடாது." உடனே நாத்தனார், "சும்மாடு நான்தான் கட்டி வெப்பேன். அதுல ஒண்ணும் திருட்டு வேல பண்ணக்கூடாது" என்றார். தலைக்கும் பானைக்கும் நடுவில் வைக்கிற துணிச் சுருணைக்குக்கூட என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் புருஷன் கேட்ட கேள்விதான் குத்தியது. அவர் அதிகம் பேசாத மனுஷன். "நீ வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். "சரி" என்றார். நம்பினேன் என்கிற சரி ஒரு மாதிரி இருக்கும், இது வேறு மாதிரி இருந்தது. அடுப்பில் இருந்ததைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று வந்தது. சாமைக் களி என்பதால் மனசு கேட்கவில்லை.

தை மாதம் பால்வாடிக்குச் சூப்பர்வைசர் அம்மா வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்டிப் பாடச் சொன்னேன். அவர்களும் பாடினார்கள். அந்த அம்மா பாட்டைக் கேட்காமல் வரிசையையே உற்றுப் பார்த்தார். "ஏன் டீச்சர், உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் கழுத்துச் சுளுக்கா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. "நேரா நில்லுங்கடா" என்று அதட்டினேன். "நேராத்தான் நிக்கிறோம் டீச்சர், உங்கள மாதிரியே" என்றது முன்வரிசையில் ஒரு வாண்டு. அன்றைக்குத்தான் எனக்குச் சுரீர் என்றது. நாத்தனார் பொய் சொல்லலாம். வரிசை முழுக்க நிற்கிற பிள்ளைகள் எப்படிப் பொய் சொல்லும்?

சூப்பர்வைசர் அம்மா விடாமல் கேட்டதில் தலைவலி, காதோரம் குத்தல், கொட்டாவி விட்டால் தாடையில் வரும் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லைப் பற்றியும் சொன்னேன். அடுத்த நாளே என்னை ஆலங்காயத்துக்கு விரட்டினார்.

டாக்டர் என்னை மறக்கவில்லை. "பஸ்ஸைப் பிடிச்சீங்களா?" என்று கேட்டார். பிறகு நீல மைத்தாள் மாதிரி ஒரு துண்டைப் பற்களுக்கு நடுவில் வைத்து, கடி என்றார். மற்ற இடத்தில் எல்லாம் மங்கலாகப் பட்ட நீலம், அந்த அடைப்பின் உச்சியில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி அழுத்தமாக விழுந்திருந்ததைச் சின்னக் கண்ணாடியில் காட்டினார். "இது ஒண்ணு முதல்ல இடிக்குது. இடிக்கக்கூடாதுன்னு தாடை ஒதுங்குது. தாடையும் கழுத்தும் ஒரே வண்டியில பூட்டின மாடு மாதிரி. ஒண்ணு ஒதுங்கினா இன்னொண்ணு கூடப் போகும்" என்றார். தேய்த்தார், கடிக்கச் சொன்னார், மறுபடி தேய்த்தார். இந்த முறை ஊசி போடவில்லை. கடைசியில் எல்லாப் பற்களும் ஒன்றாக வந்து உட்கார்ந்தபோது, வெகுநாள் ஊருக்குப் போயிருந்த ஆள் வீடு திரும்பிய மாதிரி இருந்தது. கழுத்து உடனே நிமிரவில்லை. பங்குனிக்குள் நிமிர்ந்துவிட்டது. நடந்துகொண்டே பூக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கழுத்து நிமிர்ந்த சூட்டில் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் புருஷன் கேட்டுக்கொண்டார். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பல்லு உசந்தா தலை சாயுமா? அப்ப கால் நகம் வெட்டுனா காது கேக்காதா?" என்றார். "இப்ப நேராத்தானே கீறேன், பாருங்க அண்ணி" என்று நிமிர்ந்து நின்று காட்டினேன். "இப்ப நடிக்கிற" என்றார். சாய்ந்தால் ஒத்திகை, நிமிர்ந்தால் நடிப்பு. இந்தப் பெண்பிள்ளையிடம் நான் எந்தக் கோணத்தில்தான் நிற்பது? என் புருஷனைப் பார்த்தேன். அவர் மாட்டுக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கயிறு அன்றைக்கு என்னவோ ரொம்ப நேரம் முறுக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் புரட்டாசி வந்தது. சுனையோரம் இரண்டு தெருவும் கூடி நின்றது. வானம் ஒரு மூலையில் கறுத்திருந்தது. சொன்னபடி நாத்தனார் தன் கையால் சுற்றிக் கட்டிய சும்மாட்டைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். அதன்மேல் பானையை ஏற்றினார்கள். கையை விட்டேன்.

விட்ட உடனே தெரிந்துவிட்டது. சும்மாட்டின் இடது பக்கம் தடிப்பாக இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தலையில் சுமக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? நான் எப்படியும் இடது பக்கம் சாய்ப்பேன், அதை ஈடுகட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் துணியை மடித்துச் செருகியிருக்கிறார். ஆனால் என் பல்தான் சரியாகிவிட்டதே. கழுத்து நேராக நின்றது, அதன்மேல் பானை வலது பக்கம் சரியப் பார்த்தது. தண்ணீர் வலது விளிம்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது எனக்குத் தலையிலேயே தெரிந்தது.

நான் சும்மா நடந்தால் போதும். வலது தோள் நனையும். மேல்தெருவுக்குப் பாறை கிடைக்கும். எங்கள் கதிர் மழைக்கு முன்னால் அடித்து முடிந்துவிடும். என்மேல் இருந்த பழி போய்விடும், நாத்தனாரே என்னை மெச்சிக்கொள்வார். ஒன்றுமே செய்யாமல் எல்லாம் கிடைக்கும். எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். நான் சாய்ந்தால் திருட்டு, இவர் சாய்த்தால் அம்மனா? அப்படிக் கிடைக்கிற நல்ல பெயர் யாருக்கு வேண்டும்?

கழுத்தை இடது பக்கம் சாய்த்தேன். ஊர் பார்க்க, வேண்டுமென்றே சாய்த்தேன். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பல் மாசக்கணக்கில் கொடுத்த பழக்கம் கழுத்தில் அப்படியே இருந்தது, அளவு வைத்தாற்போல் வந்து நின்றது. பின்னால் நாத்தனார் "சாய்க்கிறா, சாய்க்கிறா!" என்று கத்துவது கேட்டது. பானை மட்டும் நட்டுக்க நின்றது. ஏற்றம் ஏறி, வேர் தாண்டி, வழுக்குப் பாசியை மிதிக்காமல் பாறைக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு தோளும் காய்ந்திருந்தன.

அப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. ஊர்க்கவுண்டர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "எதுக்கும் கொஞ்சம் நில்லும்மா, சிந்தும்" என்றார். நின்றேன். சிந்தவில்லை. கீழ்த்தெருக்காரர் ஒருவர் என் இடது தோளைக் காட்டி, ஈரம் தெரிகிறது என்றார். அது வேர்வை என்று மேல்தெருவில் கூச்சல் போட்டார்கள். வேர்வை தண்ணீர்க் கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. எனக்குக் கழுத்து கழன்று விழுகிற மாதிரி வலித்தது. "இறக்கறீங்களா, நானே கீழ போடட்டுமா?" என்று கத்தினேன். என் புருஷன் வந்து பானையைத் தூக்கினார். அவசரத்தில் முழுத் தண்ணீரும் அவர் தலைமேலேயே கவிழ்ந்தது.

அவர் மேல்தெரு ஆள், ஆகவே மேல்தெருவுக்குத்தான் என்று ஒரு கூட்டம். முதலில் நனைந்தது அவருடைய இடது தோள், நாங்கள் பார்த்தோம் என்று இன்னொரு கூட்டம். வானம் உறுமவும்தான் எல்லோருக்கும் புத்தி வந்தது. பாறைக்கு நடுவில் சாம்பலால் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று கதிரைப் பரப்பினோம். அந்தக் கோடு கோணல் என்று பிறகு பல வருஷம் சண்டை போட்டார்கள். அதற்கு என் பல் பொறுப்பில்லை.

அந்த அமளியில் நான் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பானையோடு சும்மாடும் என் புருஷன் கைக்குப் போயிருந்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டே அதை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிரித்தார். உள்ளே நாலாக மடித்த பழைய புடவைக் கிழிசல். அந்தப் புடவை யாருடையது என்று மேல்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். நாத்தனார் திடீரென்று கதிர்க்கட்டு தூக்கப் போய்விட்டார். கிழிசலை மடியில் செருகிக்கொண்டு அவரும் மாட்டை ஓட்டப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு இறங்கும்போது வழியில் கேட்டார். "நீ சாய்ச்சுக்கினுதான வந்த?"

"ஆமாங்க."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

மடியிலிருந்து அந்தக் கிழிசலை எடுத்துப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். பிறகு நின்று என்னைத் தன் பக்கம் திருப்பினார். "வாயத் தெற" என்றார். "எந்தப் பல்லுனு சொன்ன? காட்டு."

ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது இந்த மனுஷனுக்கு. திட்டலாம் என்றால் வாய் திறந்திருந்தது. அவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். "இதுதானா? இத்தினியூண்டு கீது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் அவர் பார்த்து முடிக்கிறவரை நான் வாயை மூடவில்லை.